தனி கவுன்சிலர் இல்லாத பள்ளிக்கூடத்தில் ஆலோசனை அறை: பிள்ளைகள் பயமில்லாமல் வர என்ன செய்யணும்?

எட்டாவது_பீரியட் (கேள்வி)

நாங்குநேரி பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை எழுநூறு பிள்ளைகளுக்கு மேல். தனியாகக் கவுன்சிலர் பணியிடம் கிடையாது. எச்.எம். லைப்ரரியை ஒட்டி ஓர் அறையும் வாரம் நாலு பீரியடும் ஒதுக்கி, "நீங்களே பார்த்துக்கிடுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டார். என்னிடம் இருப்பது ஒரு குறுகிய காலப் பயிற்சி மட்டும்.

"மாணவர் மனசு" என்று பிள்ளைகள் குறைகளை எழுதிப் போடுகிற பெட்டி வராண்டாவில் தொங்குகிறது. அதில் விழுவது மிட்டாய்க் காகிதம்தான். கூப்பிட்டுக் கேட்டால் எல்லாருக்கும் ஒரே பதில், "ஒண்ணுமில்ல டீச்சர்". அறையை எப்படி அமைப்பது, பிள்ளை சொன்னதை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கலாமா, பையன்களை எப்படி வரவைப்பது, சாதிச் சண்டை என்று வந்தால் அறைக்குள் என்ன பேசுவது? இந்த வேலையில் இருக்கிறவர்கள் விவரமாகச் சொல்லுங்கள். "அன்பாகப் பேசுங்கள்" என்பது எனக்கே தெரியும்.

பாளை_ஆலோசகர்

டீச்சர், பாதி காரியம் அறையிலேயே கெட்டுவிடும் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

லைப்ரரிப் பக்கம் கிடைத்தது நல்லது. லைப்ரரிக்குப் போகிறவனை "எங்கல போற?" என்று யாரும் கேட்கமாட்டார்கள். வாசலில் "ஆலோசனை மையம்" என்று போர்டு மட்டும் மாட்டாதீர்கள். போர்டு ஏறிய மறுநாளே அது "பைத்தியக்கார ரூம்" ஆகிவிடும். எச்.எம். அறையைத் தாண்டித்தான் வரவேண்டும் என்றாலோ, பரிசோதனைக் கூடச் சாமான்களும் பழைய பெஞ்சுகளும் அடுக்கிய அறை என்றாலோ மாற்றிக் கேளுங்கள்.

இரண்டு நாற்காலி, இரண்டும் ஒரே உயரம். நடுவில் மேஜை வேண்டாம். நேருக்கு நேராகப் போடாமல் "ட" எழுத்துபோல் போட்டால் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கலாம், பார்க்காமல் சுவரையும் பார்க்கலாம். கதவுக்குப் பக்கத்து நாற்காலி பிள்ளைக்கு. நீங்கள் உள்பக்கம். எழுந்து போக வழி இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்தால்தான் உடம்பு தளரும். கதவை ஒருக்களித்து வையுங்கள், தாழ்ப்பாள் போடவே கூடாது. வெளியிலிருந்து பார்த்தால் உங்கள் முகம் தெரியணும், பிள்ளையின் முகம் தெரியக் கூடாது. சுவர்க்கடிகாரம் பிள்ளையின் முதுகுப் பக்கம் இருக்கட்டும். நீங்கள் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. பிறகு ஒரு சோதனை: ஒருவர் உள்ளே சாதாரணக் குரலில் பேச, நீங்கள் வராண்டாவில் நின்று கேளுங்கள். வார்த்தை புரிந்தால் நாற்காலியை உள்ளே தள்ளுங்கள், ஃபேனைக் கூட்டி வையுங்கள்.

நேரம் 30 முதல் 40 நிமிஷம் போதும். பி.டி. பீரியடில் கூப்பிடாதீர்கள், அது அவர்களுக்குத் தண்டனை. சத்துணவு நேரத்திலும் வேண்டாம். வந்த பிள்ளை சாப்பிடாமல் போய்விடும். ஒரே பிள்ளையை வாராவாரம் அதே பீரியடில் எடுத்தால் வகுப்பே கணக்குப் போட்டுவிடும். சாயங்காலம் நிறுத்தி வைப்பது நம்ம ஊர்ப் பக்கம் ஆகவே ஆகாது. ஒரு டவுன் பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாத ஊர்கள், அதுவும் பெண்பிள்ளைகள்.

பெட்டி ஏன் காலியாக இருக்கிறது? வராண்டாவில், எல்லாரும் பார்க்க யார் சீட்டுப் போடுவார்? இப்படிச் செய்யுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வகுப்பில் எல்லாருக்கும் ஒரே அளவுத் துண்டுக் காகிதம் கொடுங்கள். சொல்ல ஒன்றுமில்லாதவர்கள் பிடித்த சாப்பாட்டின் பெயரை எழுதணும். எல்லாரும் எழுதி, எல்லாரும் மடித்துப் போடணும். யார் எதை எழுதினார் என்று பக்கத்து பெஞ்சுக்குத் தெரியாது. பேச விரும்புகிறவர்கள் மூலையில் பதிவு எண் மட்டும் போடட்டும். சீட்டுகளை அன்றைக்கே பிரியுங்கள். "சாகணும்போல இருக்கு" என்ற சீட்டு வெள்ளிக்கிழமை விழுந்து திங்கட்கிழமை வரை பையில் கிடந்தால் அந்தச் சீட்டு வாங்கியதற்கே அர்த்தமில்லை.

அந்த எண்ணுக்குரிய பிள்ளையை வகுப்பு வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். லைப்ரரிப் புத்தகம் அடுக்க நாலு பேரைக் கூப்பிட்டு அதில் அவனையும் சேர்த்துக்கிடலாம்.

உள்ளே வந்ததும் முதல் கேள்வி, "காலையில என்ன சாப்பிட்ட?" காலை உணவுத் திட்டம் அஞ்சாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்புக்கு மேல் வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளைக்குப் பதினொரு மணிக்குத் தலைவலியும் எரிச்சலும் வருவது மனப் பிரச்சினை இல்லை. இரண்டாவது, எத்தனை மணிக்குப் படுத்தாள் என்பது. ராத்திரி வெகுநேரம் அம்மாவோடு பீடித் தட்டின் முன் உட்கார்ந்திருந்த பிள்ளை வகுப்பில் தூங்கத்தான் செய்யும். இந்த இரண்டையும் கேட்காமல் "உனக்கு என்ன கவலை?" என்று ஆரம்பித்தால் "ஒண்ணுமில்ல" தவிர வேறு பதில் வராது.

"ஏன்" என்ற சொல்லையே கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். "ஏன் வீட்டுல சொல்லல?" என்பது விசாரணை. "அதுக்குப் பொறவு என்ன நடந்துச்சு?" என்றால் கதை தானாக வரும். பிள்ளை அமைதியாகிவிட்டால் மனதுக்குள் இருபது எண்ணுகிற வரை வாயைத் திறக்காதீர்கள். ஆசிரியர்களுக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம், பத்தாவது எண்ணிலேயே புத்திமதி வந்துவிடும். நெஞ்சு படபடத்து மூச்சு வாங்கினால் பேச்சை நிறுத்திவிட்டு, நாலு எண்ண மூச்சை இழுத்து ஆறு எண்ண விடச் சொல்லுங்கள், பத்துத் தடவை. நீங்களும் கூடவே செய்யணும். பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் அது டிரில் ஆகிவிடும்.

மணிமுத்தாறு

பாளை ஆலோசகர் சொன்னதெல்லாம் சரி, ஆனால் அறைக்கு வெளியே ஒரு ஓட்டை இருக்கு. அது ஸ்டாஃப் ரூம்.

பிள்ளை உங்களிடம் சொன்னது டீ நேரத்தில் இன்னொரு டீச்சர் காதுக்குப் போய், அவர் வகுப்பில் "உன் வீட்டுக் கதையெல்லாம் எனக்குத் தெரியும்ல" என்று ஒரு வார்த்தை விட்டால் போதும். அந்த வருஷம் முழுக்க உங்கள் அறைக்கு ஈ, காக்கை வராது. அதனால் தொடங்கும் முன்னாலேயே எச்.எம். தலைமையில் ஒரு கூட்டம் போட்டு இரண்டு விஷயம் முடிவு பண்ணுங்க. ஒன்று, கவுன்சிலிங் டீச்சரிடம் யாரும் "அந்தப் பிள்ளைக்கு என்ன விவகாரம்?" என்று கேட்கக் கூடாது. வகுப்பாசிரியருக்குச் செய்தி போகணும் என்றால், "இன்னும் இரண்டு வாரம் அவளைப் போர்டுக்குக் கூப்பிடாதீங்க" என்கிற அளவில் மட்டும் போகட்டும், காரணம் வேண்டாம். இரண்டு, வீட்டுப்பாடம் எழுதாதவனை "கவுன்சிலிங்குக்கு அனுப்பிருவேன்" என்று மிரட்டக் கூடாது. அந்த அறை ஒருமுறை தண்டனை அறை ஆகிவிட்டால் மீட்கவே முடியாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது என்பதைக் கூட்டத்தில் ஒருமுறை வாசித்துக் காட்டலாம், தப்பில்லை.

சாதிச் சண்டை பற்றிக் கேட்டீங்க. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஆலோசனை வேலை பார்க்கிறவர்கள் அதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கு. ஒரு தலித் மாணவனைக் கூடப் படிக்கிறவர்கள் துன்புறுத்தினார்கள் என்ற புகார் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் வீடு புகுந்து அந்தப் பையனையும் தங்கச்சியையும் வெட்டினார்கள். ஆகவே ஒரு பிள்ளை பேர் சொல்லிப் புகார் சொன்னால் முதல் கேள்வி "யார் மேல் தப்பு?" என்பதல்ல. இன்றைக்குச் சாயங்காலம் இவன் எப்படி வீடு போவான், ராத்திரி எங்கே இருப்பான் என்பதுதான்.

நடைமுறையில் இப்படி: புகார் சொன்னவனை வைத்துக்கொண்டே எதிர்த் தரப்பைக் கூப்பிட்டு விசாரிக்காதீங்க. பேர் சொன்னது யார் என்று தெரியாதபடி, பஸ்ஸில் பார்த்தது, வகுப்பில் பார்த்தது என்று ஆசிரியர்கள் நேரில் கண்டதை வைத்துக் கேளுங்க. வீட்டாரைப் பள்ளிக்கூடத்துக்கு வரவழைத்துப் பிள்ளையை அவர்களோடு அனுப்புங்க. மிரட்டல், ஆயுதம் என்ற பேச்சு காதில் விழுந்தால் எச்.எம். அன்றைக்கே போலீசுக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் எழுத்தில் தெரிவிக்கணும். மறுநாள் பார்த்துக்கிடலாம் என்பது வேண்டாம்.

அப்புறம் அந்த "கை குடுங்கலே, சமாதானமாப் போங்க" வழக்கம். இரண்டு பேரையும் ஒரே அறையில் நிறுத்திக் கை குலுக்க வைத்தால், பலம் குறைந்தவன் பயந்து தலையாட்டுவான். நாம் முடிந்தது என்று நினைப்போம், அது பஸ் ஸ்டாப்பில் தொடரும். தனித்தனியாகக் குறைந்தது இரண்டு தடவை பேசி, இரண்டு பக்கமும் மனதார ஒத்துக்கொண்டால் மட்டுமே சேர்த்து உட்கார வையுங்க. ஒருவன் வேண்டாம் என்றால் அதோடு விட்டுருங்க.

சாதியைக் காட்டுகிற கைக்கயிறு விஷயத்தில், பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை தெளிவாகவே சொல்கிறது: கலர் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி வேண்டாம், வகுப்பில் அகர வரிசைப்படி உட்கார வையுங்கள், ஐந்நூறு பேருக்கு மேல் படிக்கிற பள்ளிக்கு நலன் அலுவலர் வேண்டும் என்று. உங்கள் பள்ளி அந்தக் கணக்கில் வரும், எழுதிக் கேட்டு வையுங்க. ஆனால் கயிற்றை அசெம்பிளியில் கத்தரியால் வெட்டுகிற வேலையைக் கவுன்சிலிங் டீச்சர் செய்யக் கூடாது. காலையில் வெட்டின கையிடம் மத்தியானம் யார் வந்து மனசு திறப்பான்?

ஊர்க் கோயில் கொடைத் திருவிழாத் தேதிகளைக் குறித்து வைத்துக்கிடுங்க, முக்கியமாக ஆடி மாசம். மேளம், பேனர், டி-சர்ட் என்று ஊரில் கிளம்பின உரசல் அடுத்த திங்கட்கிழமை பஸ் படிக்கட்டில் தெரியும், அதற்கடுத்த நாள் வகுப்பில். அந்த வாரம் உங்கள் நாலு பீரியடையும் வேறு எதற்கும் விட்டுக் கொடுக்காதீங்க.

ஐகிரவுண்டு_மருதமரம்

மனநல சமூகப்பணிப் பக்கத்திலிருந்து, ரகசியம் பற்றி.

"யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பிள்ளை பேசத் தொடங்கும் முன்னாலேயே இதைச் சொல்லிவிடுங்கள்: "நீ சொல்றது எங்கிட்டயே இருக்கும். மூணு விஷயத்துல மட்டும் நான் வேற ஆளைக் கூப்பிடணும். உன் உயிருக்கு ஆபத்துன்னா, இன்னொருத்தருக்கு ஆபத்துன்னா, உன்னை யாராவது தப்பாத் தொட்டாங்கன்னா. அப்பவும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் கூப்பிடுவேன்." முதலில் சொன்னால் இது விதி. பிள்ளை எல்லாவற்றையும் கொட்டிய பிறகு சொன்னால் துரோகம்.

பாலியல் தொந்தரவு என்று வந்தால் உங்களுக்கு யோசிக்க இடமில்லை. 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி தெரிந்தவர் போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காவிட்டால் 21ஆம் பிரிவில் தண்டனை உண்டு: தனி ஆளுக்கு ஆறு மாதம் வரை, நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தமக்குக் கீழ் வேலை பார்ப்பவரின் குற்றத்தை மறைத்தால் ஒரு வருஷம் வரை. "பள்ளிக்கூடத்துக்குள்ளேயே பேசி முடிச்சிருவோம்" என்று பெரிய மனுஷர்கள் யாராவது வந்தால் இந்த இரண்டு பிரிவையும் காட்டுங்கள். நீங்கள் துருவித் துருவிக் கேட்கக் கூடாது. எங்கே, எப்போது, எத்தனை தடவை என்று ஒவ்வொருவராகக் கேட்டால் பிள்ளை நொந்துபோகும், வாக்குமூலமும் குழம்பும். பிள்ளை சொன்ன சொல்லை அப்படியே, தேதியும் நேரமும் போட்டு எழுதுங்கள். "தகாத முறையில் நடந்துகொண்டார்" என்று நீங்களாகத் திருத்தி எழுதாதீர்கள். அதன்பின் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வரும். வாக்குமூலம் வாங்குகிறவர் கூடியவரை பெண் சப்-இன்ஸ்பெக்டராக இருக்கணும், யூனிஃபார்ம் கூடாது, பிள்ளை நம்புகிற ஒருவர் கூட இருக்கலாம் என்பதையெல்லாம் பிள்ளைக்கு முன்கூட்டிச் சொல்லுங்கள். போலீஸ் என்றதும் பிள்ளை வேறு எதையோ கற்பனை செய்து வைத்திருக்கும்.

ஒரு சிக்கலையும் தெரிந்து வைத்திருங்கள். 18 வயதுக்குக் கீழ் காதல் என்று சொல்லி உடலுறவு வரை போயிருந்தாலும் சட்டப்படி அதுவும் போக்சோதான். அதனால்தான் அந்த மூன்று விதிவிலக்கையும் முதலிலேயே சொல்லணும் என்கிறேன்.

அடுத்து, சாவைப் பற்றிய பேச்சு. "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் புதிதாக முளைக்கும் என்பது தவறு. கேட்ட பிறகு பிள்ளைக்கு மூச்சு விட்டதுபோல் இருக்கும். "ஆமா" என்றால் அடுத்து மூன்று கேள்வி: எப்படி என்று யோசித்திருக்கிறாயா, அது கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கா, முன்னாடி எப்பவாவது முயற்சி பண்ணினாயா. மூன்றில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் அந்தப் பிள்ளையை ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடக் கூடாது. பாத்ரூமுக்குக்கூட ஆள் கூடப் போகணும். வீட்டுப் பெரியவரை நேரில் வரவழைத்து அவர் கையில் ஒப்படைக்கணும், போனில் சொல்லி முடிக்கக் கூடாது. விவசாய வீடு என்றால், வயலுக்கு அடிக்கிற மருந்தை அன்றைக்கே வீட்டை விட்டு அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். பூட்டி வைத்தால் சாவி இருக்கிற இடம் பிள்ளைக்குத் தெரியும். அந்த மருந்து உறவுக்காரர் வீட்டுக்கோ தோட்ட ஷெட்டுக்கோ போகட்டும். பிறகு ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி (திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) மனநலப் பிரிவு. ராத்திரியில் பேச ஆள் வேண்டும் என்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

முயற்சி பண்ணிப் பிழைத்த பிள்ளையின் வீட்டார் "கேஸ் ஆயிரும்" என்று பயந்து ஆஸ்பத்திரியில் உண்மையை மறைப்பார்கள். மருத்துவருக்கு என்ன குடித்தது என்று தெரியாவிட்டால் சிகிச்சையே தவறிவிடும். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் 115ஆம் பிரிவு, கடும் மன அழுத்தத்தில் செய்ததாகவே எடுத்துக்கொண்டு தண்டிக்காமல் விடுகிறது என்று அவர்களுக்குப் புரியும்படி சொல்லுங்கள்.

சேரை_பி.டி.சார்

பையன்கள் விஷயம் மட்டும். நாற்காலியில் உட்கார வைத்து முகத்தைப் பார்த்து "மனசுல உள்ளதைச் சொல்லு மக்கா" என்றால் எந்தப் பத்தாம் வகுப்புப் பையனும் சொல்லமாட்டான். கையில் வேலை கொடுங்க. பந்துக்குக் காற்று அடிக்க, கிரவுண்டுக்குச் சுண்ணாம்புக் கோடு போட, செடிக்குத் தண்ணி ஊற்ற. பக்கத்தில் நின்று அதே வேலையைப் பாருங்க, முகத்தைப் பார்க்காதீங்க. கால் மணி நேரத்தில் அவனாகவே ஆரம்பிப்பான். "சவத்த விடுங்க சார்" என்று ஒரு பேச்சை முடித்தான் என்றால் அங்கேதான் விஷயம் இருக்கு, ஆனால் அன்றைக்கே தோண்டாதீங்க. அடுத்த வாரமும் அதே வேலைக்குக் கூப்பிடுங்க.

திடீரென்று எப்பவும் விளையாடுகிற பையன் இரண்டு வாரமாக ஓரமாக உட்கார்ந்தால், கையில் கீறிக்கொண்ட காயத்தை மறைக்க முழுக்கைச் சட்டையை வெயிலிலும் மடிக்காமல் இருந்தால், கிரவுண்டில் இருக்கிற நாங்கதான் முதலில் பார்ப்போம். எங்களிடம் வாரம் ஒருதடவை கேளுங்க டீச்சர்.

எட்டாவது_பீரியட்

எல்லாருக்கும் நன்றி. முழுக்கைச் சட்டை விஷயம் எனக்குத் தோணவே இல்லை, நாளைக்கே பி.டி. சாரிடம் பேசுகிறேன். இரண்டு சந்தேகம் பாக்கி. ஆஸ்பத்திரி என்றதும் பெற்றோர் "எம்பிள்ளைக்குப் பைத்தியமா?" என்று எகிறுகிறார்கள். பல வீட்டில் அய்யா வளைகுடாவிலோ மும்பையிலோ இருக்கிறார், ஆச்சிதான் பொறுப்பு. இரண்டாவது, நோட்டில் எதை எழுதுவது? இன்ஸ்பெக்‌ஷனில் கேட்டால்?

பாளை_ஆலோசகர்

பெற்றோரிடம் மனநலம் என்ற சொல்லோடு தொடங்காதீர்கள். அவர்கள் கண்ணால் பார்த்ததிலிருந்து தொடங்குங்கள்: "ராத்திரி தூங்குதாளா? சாப்பாடு குறைஞ்சிருக்கா? இரண்டு வாரமா தலைவலின்னு சொல்லுதா." அதற்கு "ஆமா டீச்சர்" என்று வந்துவிட்டால், "அந்தத் தூக்கத்துக்கு ஒரு டாக்டரைப் பார்த்துருவோம், நானும் கூட வாரேன்" என்பது எளிதாகப் போகும். முதல் தடவை நீங்களோ வகுப்பாசிரியரோ கூடப் போனால்தான் போவார்கள். சீட்டு மட்டும் கொடுத்தனுப்பினால் அது கிழிந்துவிடும். கோயிலுக்குக் கயிறு கட்டப் போகிறோம் என்றால் தடுக்காதீர்கள். "போயிட்டு வாங்க, ஆஸ்பத்திரிக்கும் போவோம்" என்றாலே போதும். ஆச்சி பொறுப்பு என்றால் ஆச்சிதான் உங்கள் ஆள். வெளிநாட்டில் இருக்கிற அய்யாவிடம் வாட்ஸ்அப் காலில் சொல்வதாக இருந்தால் பிள்ளை அறையில் இல்லாதபோது, ஆச்சி கூட இருக்கும்போது சொல்லுங்கள். வாய்ஸ் மெசேஜ் அனுப்பவே அனுப்பாதீர்கள், அது குடும்பக் குரூப்புக்குப் போய்விடும்.

நோட்டு இரண்டு வேண்டும். முதல் நோட்டு இன்ஸ்பெக்‌ஷனுக்கு: தேதி, வகுப்பு, ஆணா பெண்ணா, பொதுவான காரணம் (படிப்பு, வீடு, நண்பர்கள், உடல்நலம்), எத்தனையாவது தடவை. பேர் கிடையாது. இரண்டாவது உங்களுக்கு: குறியீட்டு எண், பிள்ளை சொன்ன ஒன்றிரண்டு வாக்கியம் அதன் சொல்லிலேயே, என்ன செய்ய ஒத்துக்கொண்டோம், அடுத்து எப்போது. எண்ணுக்கு எந்தப் பேர் என்ற பட்டியல் வேறு பூட்டில். மாற்றல் வந்தால் இரண்டாவது நோட்டை எச்.எம். பீரோவில் பொதுவாகப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். தொடர்ந்து வருகிற பிள்ளைகளிடம் கேட்டு, சரி என்றவர்களின் விவரத்தை மட்டும் அடுத்தவரிடம் நேரில் சொல்லுங்கள்.

காலண்டரில் ஒரு நாளைக் கட்டாயம் வட்டமிட்டு வையுங்கள்: பொதுத்தேர்வு முடிவு வருவதற்கு முந்தின நாள். பயப்படுகிற பத்துப் பதினைந்து பிள்ளைகளின் வீட்டுக்கு அன்று சாயங்காலமே போன் போகணும், மார்க் வந்த பிறகு அல்ல. "நாளைக்கு எது வந்தாலும் பத்து மணிக்கு நான் பள்ளிக்கூடத்துல இருப்பேன், துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கிற வேலையை அங்கேயே முடிச்சிருவோம்" என்று பிள்ளையிடமும், "பக்கத்து வீட்டு மார்க்கை நாளைக்கு ஒருநாள் பேசாதீங்க, தனியாவும் விடாதீங்க" என்று வீட்டிலும் சொல்லுங்கள். சொன்னபடி பத்து மணிக்கு அங்கே இருங்கள்.